ஸ்கூல் வைஃபைக்கு காசு யாரு குடுக்குறா, அது ஏன் ஸ்கூல் கேட்டோட நின்னுடுது?

அமெரிக்காவுல இருக்கவங்க உங்க போன் பில்ல ஒரு தடவ முழுசா பாருங்க, கீழ பொடி எழுத்துல யூனிவர்சல் சர்வீஸ்னு ஒரு வரி இருக்கும், சில்லறைதானேன்னு யாரும் கண்டுக்கறதில்ல. உங்க பையன் கிளாஸ்ல சீலிங்ல ஒரு வெள்ளை டப்பா ஒட்டியிருக்கும்ல, சின்னதா லைட் எரிஞ்சிட்டு, அந்த வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுக்கு காசு பெரும்பாலும் அந்த வரியில இருந்துதான் போகுது.

ஸ்கூல் நெட் செலவுல ஒரு பங்க ஏத்துக்குற இந்த திட்டத்துக்கு பேரு ஈ-ரேட். 1996 டெலிகாம் சட்டத்துல வந்தது. ரூல் போடுறது எஃப்.சி.சி.ங்கிற அமெரிக்க தொலைத்தொடர்பு ஆணையம், அப்ளிகேஷன் பாத்து காசு ரிலீஸ் பண்றது யுசாக்னு ஒரு அமைப்பு. இது நேரடியா வரிப்பணம் இல்ல, டெலிகாம் கம்பெனிங்க கட்ட வேண்டிய காசு, அவங்க அத நம்ம பில்லுல ஏத்திடறாங்க, அவ்ளோதான். இப்படி வசூல் பண்றதே செல்லாதுன்னு ஒரு கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2025 ஜூன்ல 6-3னு செல்லும்னு தீர்ப்பாச்சு. வருஷத்துக்கு இவ்ளோதான்னு ஒரு உச்சவரம்பும் உண்டு, ஆரம்பத்துல 225 கோடி டாலர், 2014-ல அத 390 கோடியா ஏத்துனாங்க, அப்புறம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி கூடுது.

முழு காசும் குடுக்க மாட்டாங்க, டிஸ்கவுன்ட்தான், 20 சதவீதத்துல இருந்து 90 வரைக்கும். எவ்ளோன்னு எப்படி முடிவு பண்றாங்கன்னா, மதிய சாப்பாடு ஃப்ரீயாவோ சலுகை விலையிலயோ வாங்க தகுதி இருக்க பசங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல (அந்தப் பகுதி ஸ்கூல்கள நடத்துற நிர்வாகம்) எத்தன சதவீதம்னு பாப்பாங்க, முக்கால்வாசிக்கு மேலன்னா 90, பாதிக்கு மேலன்னா 80. அதுக்கு கீழ கிராமப்புற டிஸ்ட்ரிக்ட்டுக்கு கொஞ்சம் சேத்து கிடைக்கும்.

இதுல ரெண்டு கேட்டகரி. முதல் கேட்டகரி ஸ்கூலுக்கு வெளிய இருந்து வர்ற இன்டர்நெட் கனெக்ஷன், ஃபைபரோ வயர்லெஸ்ஸோ. ரெண்டாவதுதான் உள்ள இருக்க வைஃபை, நெட்வொர்க் ஸ்விட்ச், கேபிள் எல்லாம், இதுக்கு டிஸ்கவுன்ட் 85-க்கு மேல போகாது, அதோட அஞ்சு வருஷத்துக்கு ஒரு பட்ஜெட் கட்டுப்பாடும் இருக்கு. 2026-ல இருந்து 2030 வரைக்கும் ஒரு மாணவருக்கு 201.57 டாலர். ஆயிரம் பசங்க இருக்க டிஸ்ட்ரிக்ட்னா மொத்தம் 2,01,570 டாலர் வேலை எடுக்கலாம், 80 சதவீதம் டிஸ்கவுன்ட்னா 1,61,256 ஈ-ரேட் குடுக்கும், மிச்சம் 40,314 டிஸ்ட்ரிக்ட் கைக்காசு. அந்த கைக்காச வெண்டர் "பரவால்ல சார் நாங்க பாத்துக்கறோம்"னு தள்ளுபடி பண்ணவே கூடாது, அது பெரிய தப்பு. வெண்டர்கிட்ட இருந்து 20 டாலருக்கு மேல ஒரு லஞ்ச் கூட வாங்கக்கூடாதுன்னு ரூல், வருஷத்துக்கே மொத்தம் 50 டாலர்தான்!

டெண்டர் மாதிரி ஃபார்ம் 470 போட்டு குறைஞ்சது 28 நாள் காத்திருக்கணும், வந்த டெண்டர்கள்ல விலைக்குத்தான் அதிக மார்க் போடணும், அப்புறம் காசு கேட்டு ஃபார்ம் 471. பேப்பர் எல்லாம் 10 வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும். 2000-ல வந்த சிப்பாங்கிற குழந்தைகள் இன்டர்நெட் பாதுகாப்பு சட்டப்படி ஆபாச சைட்ட பிளாக் பண்ற ஃபில்டரும் போட்டாகணும். "ஸ்கூல் நெட்ல பாதி சைட் ஓபன் ஆகல"ன்னு பசங்க புலம்புறாங்கல்ல, அதுக்கு ஒரு காரணம் இதுதான் (மிச்சத்த டிஸ்ட்ரிக்டே தன்னிஷ்டத்துக்கு பூட்டிருக்கும், அதுக்கு சட்டத்த குத்தம் சொல்ல முடியாது).

இப்ப விஷயத்துக்கு வரேன். ஈ-ரேட் காசு ஸ்கூல் வளாகத்துக்குள்ளதான். கோவிட் சமயத்துல வீட்ல நெட் இல்லாத பசங்க ஸ்கூல் பார்க்கிங் லாட்ல கார்ல உக்காந்து மடியில லேப்டாப் வெச்சு ஹோம்வொர்க் பண்ணாங்களே, அதுக்கே 2020 மார்ச்ல எஃப்.சி.சி. தனியா "பரவால்ல, யூஸ் பண்ணிக்கலாம்"னு சொல்ல வேண்டியிருந்துச்சு. வீட்டு கனெக்ஷனுக்குன்னு 2021-ல 717 கோடி டாலர் அவசர நிதி ஒண்ணு வந்துச்சு, அதுவும் 2024 ஜூனோட முடிஞ்சுது. ஸ்கூல் பஸ் வைஃபைக்கு 2023-லயும், வீட்டுக்கு எடுத்துட்டு போற ஹாட்ஸ்பாட்டுக்கு 2024-லயும் ஈ-ரேட்ல வழி விட்டாங்க, 2025 செப்டம்பர்ல ரெண்டையும் திரும்ப மூடிட்டாங்க. பஸ்ல ஒரு மணி நேரம் போற கிராமத்து பசங்களுக்கு இது நல்ல அடி, என்னைக் கேட்டா.

அதனால சில டிஸ்ட்ரிக்ட் சொந்தமாவே வயர்லெஸ் நெட்வொர்க் கட்டுறாங்க. 3550-ல இருந்து 3700 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் சி.பி.ஆர்.எஸ்.னு ஒரு பேண்ட், முதல் உரிமை நேவி ரேடார் மாதிரி ஏற்கனவே இருக்கவங்களுக்கு, அடுத்து ஏலத்துல லைசென்ஸ் எடுத்தவங்களுக்கு, மிச்சம் இருக்குறத லைசென்ஸ் வாங்காமலே யாரும் யூஸ் பண்ணலாம். ஸ்கூல் மொட்டை மாடியில ஆன்டெனா வெச்சு பசங்களுக்கு சிம் போட்ட ரவுட்டர் குடுத்துட்டா வீடு வரைக்கும் ஸ்கூல் நெட்டே போகும், ஆனா சும்மா கிடைக்கறது அலைவரிசை மட்டும்தான், ஆன்டெனாவுக்கும் அத பாத்துக்குற ஆளுக்கும் டிஸ்ட்ரிக்ட்தான் வேற எங்கயாவது காசு பொரட்டணும்.

உங்க டிஸ்ட்ரிக்ட் எவ்ளோ கேட்டிருக்கு, எவ்ளோ கிடைச்சிதுன்னு தெரியணும்னா யுசாக் சைட்ல யார் வேணா தேடிப் பாக்கலாம், லாகின் வேணாம். பட்ஜெட்ல பாக்கி இருந்தும் கிளாஸ்ல வைஃபை இழுத்துட்டு இருந்தா, அடுத்த போர்டு மீட்டிங்ல அந்த நம்பரோட போயி கேளுங்க.