அம்மாவுக்கு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்தாச்சு, சாப்பாடு சொல்லியாச்சா?

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கிற பிள்ளைகள், வயதுபோன தாய் தகப்பனைக் கூப்பிடும்போது இப்போது பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டாகவே எடுத்து அனுப்புகிறார்கள். கால் நீட்டிப் படுக்கலாம், வரிசையில் நிற்கத் தேவையில்லை. பெயர், பாஸ்போர்ட் இலக்கம், பொதி நிறை எல்லாவற்றையும் இரண்டு தரம் சரிபார்க்கிறவர்கள் சாப்பாட்டை மட்டும் "பிசினஸ் கிளாஸ்தானே, கேட்டதைக் குடுப்பினம்" என்று விட்டுவிடுகிறார்கள். குடுப்பினம்தான், கீழே ஏற்றியிருந்தால். 38,000 அடி உயரத்தில் கடை கிடையாது.

திருகோணமலையிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கந்தளாய், ஹபரணை, தம்புள்ள, குருநாகல் என்று வான் வண்டியில் ஐந்தாறு மணித்தியாலம் போய்த்தான் கட்டுநாயக்கவில் இறங்க வேண்டும். விமானம் ஏறுவதற்கு மூன்று மணித்தியாலத்துக்கு முன்னமே அங்கே நிற்கவும் வேண்டும். ஆக, வீட்டில் சாப்பிட்டதற்கும் விமானத்தில் முதல் தட்டு வருவதற்கும் இடையில் பத்து மணித்தியாலம் ஓடிவிடும். அந்தத் தட்டும் பிழைத்துவிட்டால் வயதானவர்கள் தாங்கமாட்டார்கள்.

ஹிந்து மீல் மச்சச் சாப்பாடு

டிக்கெட் பதிவில் விசேட சாப்பாடு ஆங்கிலத்தில் நான்கு எழுத்துக் குறியீடாகத்தான் போகும். அதிகம் பிழைப்பது எச்.என்.எம்.எல். 'ஹிந்து மீல்' என்ற பெயரைப் பார்த்ததும் சைவம் என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள். அது மச்சம். மாட்டிறைச்சி இராது, அவ்வளவுதான். கோழி, ஆடு, மீன், முட்டை எதுவும் வரலாம். வெள்ளிக்கிழமை தவறாமல் கோணேசர் கோயிலுக்குப் போகிற அம்மா மூடியைத் திறந்து ஆட்டுக்கறியைக் கண்டால் மிச்சப் பயணம் முழுக்க பாணும் பழமும்தான். பணிப்பெண்ணில் பிழை சொல்ல முடியாது, சொன்னதைத்தான் கொண்டுவந்திருக்கிறார்.

சைவக்காரருக்குப் போட வேண்டியது ஏ.வி.எம்.எல். இது இந்திய முறைச் சைவம். பால், தயிர், பன்னீர் (பாற்கட்டி) இருக்கும், முட்டை பொதுவாக இராது. வி.எல்.எம்.எல். என்பது மேலைத்தேயச் சமையல், அதில் முட்டையும் பாலும் வரும். காலைச் சாப்பாட்டுக்கு ஒம்லெட் வந்து சேருவது பெரும்பாலும் இந்தக் குறியீட்டால்தான். வி.ஜி.எம்.எல். போட்டால் பாலும் இல்லை, பட்டரும் இல்லை. விரதம் காக்கிறவர், வெங்காயம் உள்ளி சேர்க்காதவர் என்றால் ஜைன உணவுக்கான வி.ஜே.எம்.எல்.தான் கிட்ட வரும், ஆனால் அதில் கிழங்கு வகையும் இராது. கந்தசஷ்டிக் காலத்தில் பறக்கிறவர்களுக்கு பழத்தட்டு, அதாவது எஃப்.பி.எம்.எல். (FPML), இன்னும் பாதுகாப்பு. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தார் வளைகுடா விமானங்களில் ஹலால் பற்றி யோசிக்கத் தேவையில்லை. ஐரோப்பிய விமானம் என்றால் எம்.ஓ.எம்.எல். கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டிறைச்சியை மட்டும் தவிர்க்கிறவர், மற்றதெல்லாம் சாப்பிடுவார் என்றால் எங்கள் அபிப்பிராயத்தில் குறியீடே வேண்டாம். பிசினஸ் கிளாஸ் மெனுவில் மூன்று நான்கு பிரதான உணவு இருக்கும், அதில் ஒன்று அநேகமாக மரக்கறி. விசேட சாப்பாடு சொல்லிவிட்டால் அந்தத் தெரிவு போய்விடும், சில வேளை பக்கத்துக் கதிரைக்காரருக்கு வருவதைவிடச் சாதாரணமான தட்டும் வரும். ஆனால் மெனுவை வாசிக்கத் தெரிய வேண்டும். மாடு என்று எப்போதும் நேரே எழுதியிருக்காது. டெண்டர்லொயின், ஷோர்ட் ரிப், பிரிஸ்கட், வீல் என்று கண்டால் பெரும்பாலும் மாடு, கன்று. முதல் தட்டில் மெல்லிய சிவப்புத் துண்டாக வரும் பிரெசயோலாவும் மாடுதான். புரொஷூட்டோ, பன்செட்டா பன்றி. மரக்கறி சூப் என்று வருவது கோழி அவித்த தண்ணீரில் செய்ததாக இருக்கலாம். சீசர் சலாட்டின் குழம்பில் நெத்தலி போன்ற சிறு மீன் சேர்ப்பார்கள். சுத்த சைவக்காரர் இதையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருக்காமல் ஏ.வி.எம்.எல். சொல்லிவிடுவதே நிம்மதி.

சொல்வது குறைந்தது 24 மணித்தியாலத்துக்கு முன், சில விமானங்களுக்கும் சில உணவு வகைகளுக்கும் 48. நான்கு நாளுக்கு முன் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு துண்டுப் பயணத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். கொழும்பு-டோஹாவுக்குப் போட்டு டோஹா-லண்டனுக்கு விடுபடுவது அடிக்கடி நடக்கிறது. முகவரிடம் பதிவின் பிரதியைக் கேட்டு வாங்கி, குறியீட்டுக்குப் பக்கத்தில் 'எச்.கே.' என்று இருக்கிறதா பாருங்கள். அதுதான் உறுதி. 'எச்.என்.' என்றிருந்தால் கேட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை. விமானம் ஒரு கம்பனியின் இலக்கத்திலும் பறப்பது இன்னொரு கம்பனியுமாக இருந்தால், பறக்கிற கம்பனியிடம்தான் உறுதி எடுக்க வேண்டும்.

திகதி மாற்றினாலோ, விமானம் ரத்தாகி வேறொன்றில் ஏற்றினாலோ பழைய சாப்பாட்டுக் கோரிக்கை புதிய பதிவுக்குத் தானாகப் போகும் என்று நம்பியிருக்கக் கூடாது. திரும்பப் போடச் சொல்லுங்கள். எக்கனமியில் எடுத்துவிட்டு விமான நிலையத்தில் காசு கட்டி பிசினஸுக்கு மாறுகிறவர்களுக்கு, சாப்பாடு மட்டும் எக்கனமித் தட்டாகவே வரலாம்.

எந்த அடுப்பில் சமைத்தது

விமானத்தில் யாரும் சமைப்பதில்லை. கீழே சமைத்து, வேகமாகக் குளிரவைத்து, 5 பாகை செல்சியஸ் அளவில் வைத்து ஏற்றுகிறார்கள். மேலே இருப்பது சூடாக்கும் மின்னடுப்பு மட்டும். 20 நிமிடம் அளவு சூடான காற்றோ நீராவியோ பட்டு உங்கள் மேசைக்கு வருகிறது. கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் விமானங்களுக்கு சிறிலங்கன் கேட்டரிங்கின் சமையலறையிலிருந்து சாப்பாடு போகிறது. அதனால் முதல் துண்டில் எங்கள் வாய்க்குப் பழக்கமான சோறு கறி கிடைக்க வாய்ப்பு அதிகம். துபாயிலோ டோஹாவிலோ மாறி ஏறியபின் அதே ஏ.வி.எம்.எல். வட இந்தியச் சாப்பாடாகிவிடும்: பன்னீர், ராஜ்மா, தால், சப்பாத்தி. தேங்காய்ப்பால், கறிவேப்பிலை வாசமெல்லாம் கொழும்போடு சரி. துபாய்-ரொறன்ரோ 14 மணித்தியாலம் அளவு. அந்த நீண்ட துண்டில் எது வரும் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

திரும்பச் சூடாக்குவதை மனதில் வைத்துத் தெரிவு செய்தால் பிழைக்காது. குழம்போடு கூடியது, நீண்ட நேரம் அவித்தது, பருப்பு, கோழிக்கறி எல்லாம் இரண்டாம் சூட்டைத் தாங்கும். பொரித்தது தோய்ந்துபோகும். வாட்டிய மீன் காய்ந்துவிடும். இறங்குதுறையில் வாங்கிய அறக்குளாவை அன்றே கறியாக்கிச் சாப்பிட்டுப் பழகிய திருகோணமலைக்காரர் விமானத்தில் மீன் கேட்க வேண்டாம், ஏமாற்றம்தான் மிஞ்சும்.

"உப்பில்லை, புளியில்லை" என்பது எல்லாரும் சொல்லும் குறை. சமையலைக் குறைசொல்லிப் பயனில்லை. கெபினுக்குள் காற்றமுக்கம் 6,000 முதல் 8,000 அடி உயரமான மலையில் இருப்பதுபோல வைக்கப்பட்டிருக்கிறது. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 6,100 அடி, பீதுருதாலகால உச்சி 8,280 அடி அளவு. அந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஈரப்பதன் 20 சதவீதத்துக்கும் குறைவு, மூக்கு காய்ந்துவிடும். மணம் பிடிபடாவிட்டால் ருசி எங்கே? ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனம் 2010 அளவில் இதைப் பரிசோதித்தபோது உப்பு 20 முதல் 30 சதவீதம் வரையும் இனிப்பு 15 முதல் 20 சதவீதம் வரையும் குறைவாகத் தெரிந்தது. தக்காளி, காளான் போன்றவற்றின் ருசி அவ்வளவு குறைவதில்லை. உப்பைக் கூடப் போட்டுக்கொள்ளாமல் தேசிக்காய்த் துண்டு கேளுங்கள், பிரஷர் உள்ளவர்களுக்கு அதுதான் நல்லது.

தேத்தண்ணியும் அப்படித்தான். அந்த அமுக்கத்தில் தண்ணீர் 92 முதல் 94 பாகையிலேயே கொதித்துவிடும், சாயம் இறங்காது. இரண்டு பை போடச் சொல்லி ஐந்து நிமிடம் விட்டுக் குடித்தால் ஓரளவு தேறும்.

தட்டுகள் வரும் வரிசை

கதிரையில் இருந்ததும் ஜூஸோ தண்ணீரோ ஷாம்பெயினோ ஒரு கிளாஸ் வரும், சூடான ஈரத் துவாயும் மெனு அட்டையும் வரும். பல விமானங்களில் கிளம்பும் முன்பே என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். வெட்கத்தில் "எதெண்டாலும் பரவாயில்லை" என்று தலையாட்டினால் பிறகு மாற்றுவது கடினம். ஆங்கிலம் சரளமில்லாத பெற்றோருக்கு 'சைவம், முட்டை வேண்டாம், சாப்பாட்டுக்கு எழுப்பவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு துண்டில் பெரிதாக எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துவிடுங்கள். அந்தத் துண்டைக் காட்டினால் போதும்.

கிளம்பி அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலத்தில் பானமும் கடலை வகையும் வரும். பிறகு மேசை விரிப்பு, முதல் தட்டு, பாண், சலாட், பிரதான தட்டு, சீஸ், இனிப்பு, பழம், கடைசியாகத் தேத்தண்ணி. ஒன்று முடிந்துதான் அடுத்தது. முழுவதும் முடிய ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும், சாமத்து விமானத்தில் அது பெரிய இடைஞ்சல். "எல்லாத்தையும் ஒண்டாத் தாங்கோ" என்று கேட்கலாம், தருவார்கள். முதல் தட்டைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று பாணால் வயிற்றை நிரப்பிவிட வேண்டாம்.

வயதானவர்கள் தடுமாறும் இடம் மேசை. பல விமானங்களில் அது முன் கதிரையின் முதுகில் இருக்காது. கைபிடி மூடியைத் தூக்கினால் உள்ளே மடித்துச் செருகியிருக்கும், மேலே இழுத்து, சரித்து, புத்தகம்போல விரிக்க வேண்டும். விரித்துத் தட்டு வைத்தபின் எழும்புவது கஷ்டம். அதனால் துவாய் வந்தவுடன் கழிவறைக்குப் போய்வருவது புத்தி. கரண்டிகளை வெளிப்பக்கமிருந்து உள்ளுக்கு எடுத்துக்கொண்டு வந்தால் சரி. கையால் சாப்பிட்டாலும் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், இன்னொரு ஈரத் துவாய் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சாப்பாடு இறங்குவதற்கு இரண்டு மணித்தியாலம் அளவு இருக்கும்போது வரும். நித்திரை என்றால் எழுப்பாமல் விட்டுவிடுவார்கள். சில கம்பனிகளில் நினைத்த நேரத்தில் சாப்பாடு கேட்கலாம், ஆனால் கேட்டால்தான்.

சீனி வருத்தக்காரர்

இதில் கவனமாக இருங்கள். சாப்பாடு வரும் என்று நம்பி இன்சுலினை முன்கூட்டி ஏற்றக் கூடாது. விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலமாகும், இடையில் சீனி இறங்கிவிடும். தட்டு கண்முன் வந்தபிறகு ஊசி. கைப்பையில் குளுக்கோஸும் மாரி பிஸ்கட்டும் இருக்க வேண்டும். இன்சுலினும் குளிசைகளும் கைப்பையில்தான், சரக்குப் பகுதியில் போட்டால் உறைந்து கெடலாம். மருத்துவரின் கடிதம் ஒன்றும் கூடவே.

நேர வித்தியாசம் அடுத்த தலையிடி. ரொறன்ரோ எங்களைவிடக் கோடையில் 9½ மணித்தியாலமும் மாரியில் 10½ மணித்தியாலமும் பின்னுக்கு. மேற்கே போகிற நாள் அவ்வளவுக்கு நீளும், 'காலைச் சாப்பாடு' இரண்டு தரம்கூட வரும். விமான நேரங்களை இலங்கை நேரத்தில் எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோய், எந்த ஊசி எப்போது, எவ்வளவு என்று மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். டி.பி.எம்.எல். (DBML) என்ற நீரிழிவுச் சாப்பாடு உண்டு. மருந்தோடு கணக்குப் பார்த்துச் சாப்பிடத் தெரிந்தவருக்கு அது பெரிய வித்தியாசம் செய்யாது. சைவமும் சீனி வருத்தமும் சேர்ந்திருந்தால் ஒருவருக்கு ஒரு குறியீடுதான் ஏற்பார்கள் என்பதால் ஏ.வி.எம்.எல்.லைப் போட்டு, இனிப்பையும் ஜூஸையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

வயிறு ஊதுவதும் மேலே சாதாரணம். அமுக்கம் குறையும்போது குடலில் உள்ள காற்று மூன்றிலொரு பங்குவரை விரியும். கச்சான், கடலை, கோவா, சோடா எல்லாம் அன்றைக்கு வேண்டாம்.

வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாமா

கொண்டுபோகலாம், சூடாக்கித் தரமாட்டார்கள். புட்டு, இடியப்பம் காய்ந்துபோகும், ரொட்டி தாங்கும். சொதி, தயிர், குழைவான சம்பல் 100 மில்லிலீட்டருக்கு மேல் என்றால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பருப்புப்பொடி ஒரு சின்னப் போத்தலில் போனால் மேலே சோறு இறங்கும். அநேக பிசினஸ் டிக்கெட்டில் லவுஞ்ச் (விமான நிலைய ஓய்வறை) சாப்பாடும் சேர்ந்திருக்கும், மலிவுக் கட்டண வகை சிலவற்றில் இராது, எடுக்கும்போதே கேளுங்கள். இருந்தால், சாமத்து விமானத்துக்கு அங்கேயே சாப்பிட்டு, மாத்திரையும் எடுத்து, மேலே போய்ப் படுத்துவிடலாம்.

மிஞ்சியதைப் பொதிசெய்து கொண்டுபோகும் பழக்கம் எங்கள் அம்மாமாருக்கு உண்டு. மெல்பேர்ன், சிட்னி போகிறவர்கள் தட்டில் வந்த ஆப்பிளையோ சீஸையோ கைப்பைக்குள் வைக்க விடாதீர்கள். விமானத்தில் தந்ததாக இருந்தாலும் அவுஸ்திரேலியாவில் அது உணவுப் பொருள்தான், அறிவிக்காமல் கொண்டிறங்கினால் தண்டப்பணம் கட்ட நேரும். சாப்பிடாத பழத்தைக் கதிரையிலேயே விட்டுவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.