குதிகாலைக் கேட்டுவிட்டு நில்லுங்கள்

கோத்தகிரியில் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு ஒரு தம்பி வந்தார். பெங்களூரு ஐ.டி. வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவர். முதுகுவலிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, நின்றபடி வேலை பார்க்கும் மேஜை வாங்கி, முதல் நாளே ஏழு மணி நேரம் நின்றிருக்கிறார். இரண்டு வாரத்தில் முதுகோடு குதிகாலும் சேர்ந்துகொண்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் அடியே ஆணி குத்துகிற மாதிரி வலி.

கூட வந்த அம்மா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. "நின்னு நின்னுதான் டாக்டரம்மா எனக்கு இது. இவன் காசு குடுத்து நிக்கிறான்" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசைதான். அசையாமல் நின்றால் அது வேலை செய்யாது. உடம்பு இளைக்கும் என்றும் நம்ப வேண்டாம். உட்கார்வதைவிட நிற்பதில் மணிக்கு ஒன்பது கலோரி அளவுக்குத்தான் கூடுதல் செலவு; டீயில் போடும் அரை ஸ்பூன் சர்க்கரை.

தம்பி தான் நிற்கும் இடத்தை போனில் காட்டினார். சில்லிட்ட சிமெண்ட் தரை, வெறுங்கால், வெறும் லேப்டாப். லேப்டாப்பைக் கைக்குத் தோதாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்குத் தோதாக வைத்தால் தோள் ஏறும். தனிக் கீபோர்டோ தனித் திரையோ வாங்காமல் இதற்கு வழியே இல்லை. முழங்கை 90 டிகிரி மடங்கும் உயரத்தில் கீபோர்டு, கண் மட்டத்தில் திரையின் மேல் விளிம்பு. காலுக்குக் குஷன் செருப்பு, ஒவ்வொரு காலாக மாற்றி வைக்க ஒரு மணைப்பலகை. அரை மணி உட்கார்ந்தால் கால் மணி நிற்கலாம், அதுவும் வலி குறைந்த பிறகு.

"அப்போ டிரெட்மில் மேஜை வாங்கட்டுமாக்கா?"

பலன் உண்டு. 2007இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் ஆய்வாளர் ஜேம்ஸ் லெவைன் குழு பருமனானவர்களை மணிக்கு 1.8 கி.மீ. வேகத்தில் நடந்தபடி வேலை பார்க்கவைத்தபோது, மணிக்கு நூறு கலோரிக்கு மேல் கூடுதலாகச் செலவானது. ஆனால் நடந்துகொண்டே டைப் அடித்தால் பிழை கூடும், மவுஸ் தடுமாறும். மீட்டிங் கேட்க மட்டும் சரி. அப்புறம், ஐப்பசி மழையில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? ஓடுகிற பெல்ட் சட்டென்று நின்றால் ஆள் முன்னால் சாய்வார். கைப்பிடி இல்லாத மெஷினை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அவர் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நல்ல ஏற்றம். குதிகால் ஆறியதும் மீட்டிங்கைக் கேட்டபடி அதில் ஏறச் சொல்லியிருக்கிறேன். ஒரு காதில் மட்டும்தான் இயர்போன். காட்டெருமை வருகிற ரோடு அது.