பட்டா சரி, கட்ட விடுவார்களா?

துபாய்ச் சம்பாத்தியத்தில் கீழக்கரைக்கு வெளியே கடலைப் பார்த்த மனை ஒன்றை வாங்கி, கிரயம் முடித்து, பட்டா மாறுதலும் செய்த பிறகு இந்த மாதமும் ஒருவர் பத்திரத்தைப் பார்க்கச் சொல்லி வந்தார். பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த மனையில் வீடு கட்டத்தான் முடியாது.

“பட்டா இருக்கிறதே சார்!” எல்லோரும் இதையே சொல்கிறார்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் பட்டா சொல்லும். அங்கே என்ன கட்டலாம் என்பதைச் சொல்லாது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் கடல் எத்தனை மீட்டர் தூரம் என்று யாரும் அளப்பதில்லை. வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும், அலை தெரியாது. வீட்டுவரி ரசீது அனுமதி ஆகாது. மின் இணைப்பும் ஆகாது. பக்கத்து மனைக்காரர் கட்டியிருக்கிறாரே என்றால், அவருக்கு நோட்டீஸ் வந்திருந்தால் அதை உங்களிடம் சொல்லவா போகிறார்?

கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம், உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லையிலிருந்து) 500 மீட்டர் வரை நீள்கிறது. ஊராட்சிப் பகுதிகளில் அதன் முதல் 200 மீட்டரில், மனை வாங்கிக் குடியேறுகிறவருக்குப் புதிய வீடு கிடையாது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதிகளுக்கு மட்டும் மத்திய அரசின் 2019 கடலோர மண்டல அறிவிக்கை இந்த 200 மீட்டரை 50 ஆகக் குறைத்தது. அதுவும் அந்த அறிவிக்கைப்படி கடலோர மண்டல வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான். தரகர்கள் அந்த ஐம்பதை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். நீர் வடிந்த நேரத்தில் கரையில் நின்று அடி எண்ணிக் காட்டுகிறவரை நம்பாதீர்கள். உயர் அலைக் கோடு அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், நகராட்சிக்குள் கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் பழைய தெருவில் சிறிய வீடாகப் பாருங்கள். கடலை ஒட்டிய தெரு என்றால், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கம்தான் கட்டலாம். ஊருக்குள் வீடு வாங்குவதில் வேறொரு சிக்கலும் உண்டு. மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுள்ள ஊர் இது. முஸ்லிம் குடும்பங்களில் வாய்மொழியாகத் தானம் செய்து வீட்டை ஒப்படைத்திருந்தால் அது செல்லும். எந்தப் பதிவேட்டிலும் அது இருக்காது. ஆகவே விற்பவர் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. கொழும்பிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் சகோதரிகளையும் விசாரியுங்கள். வக்பு சொத்தா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரைக் கோடையில் போய் வாயில் ஊற்றிப் பாருங்கள். மழை முடிந்த கையோடு எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்.

சர்வே எண்ணையும் மனையின் அளவுகள் உள்ள புலப்படத்தையும் எடுத்துக்கொண்டு, ஆட்சியர் தலைமையிலான கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் உங்கள் மனை எந்த வகைப்பாட்டில் வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். தரகர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.