கழுத்தில் சொடக்கு எல்லோருக்கும் பொருந்துமா?

"ஒரே ஒரு சொடக்கு எடுத்துவிடுங்க சார், சரியாப் போயிடும்." சேலத்தில் பிசியோதெரபி செய்யும் என்னிடம் அடிக்கடி இப்படிக் கேட்கிறார்கள்.

சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். நாள் முழுக்கக் குனிந்தே செய்யும் வேலை. கழுத்து பிடித்துப் பத்து நாள். வலப்பக்கம் தாராளமாகத் திரும்பியவருக்கு, இடப்பக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது. குப்புறப் படுக்கவைத்து, நடுக்கழுத்து எலும்புகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினேன். ஓரிடத்தில், "அங்கதான் சார்" என்றார். கை மரத்துப்போகவில்லை, பிடியில் பலம் குறையவில்லை. சொடக்கு எடுத்தேன். இடப்பக்கமும் திரும்பியது.

இவருக்குப் பலிக்கும் என்று எப்படித் தெரிந்தது? 2012இல் அமெரிக்காவில் பியூன்டெடுரா குழுவினர் 82 பேரை ஆராய்ந்து நான்கு அடையாளங்களைச் சொன்னார்கள். வலி தொடங்கி 38 நாளுக்குள் இருப்பது, இதில் குணமாகும் என்று நோயாளி நம்புவது, இரு பக்கமும் திரும்பும் அளவில் 10 டிகிரியாவது வித்தியாசம், நடுக்கழுத்தை அழுத்தினால் வலிப்பது. மூன்று சேர்ந்திருந்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு 39 சதவீதத்திலிருந்து 90ஆக உயர்ந்தது. ஆனால் சின்ன ஆய்வு. கழுத்துவலிக்காரர்களுக்கு மேல்முதுகில் சொடக்கு எடுப்பதற்காக 2007இல் கிளிலண்ட் குழுவினர் வகுத்த இதேபோன்ற விதி, 2010இல் அவர்களே மறுபடி சோதித்தபோது நிற்கவில்லை. விதிக்குப் பொருந்தியவர், பொருந்தாதவர் இருவருக்குமே சொடக்கோடு உடற்பயிற்சியும் சேர்ந்தபோது நல்ல பலன். அதனால் இந்த அடையாளங்களை நான் துணைக்குத்தான் வைத்துக்கொள்கிறேன். பயிற்சியை யாருக்கும் விடுவதில்லை.

யாருக்குச் செய்யக்கூடாது என்பதில்தான் என் கவனமெல்லாம். ஏற்காட்டிலிருந்து காபித் தோட்டத்து அம்மா ஒருவர் வந்தார். கழுத்துவலி கொஞ்சம்தான். பேச்சுவாக்கில், "ஜாக்கெட் ஊக்கு மாட்ட விரல் வரமாட்டேங்குதுங்க" என்றார். நடக்கச் சொன்னேன், காலை அகட்டி அகட்டி வைத்தார். கழுத்தில் கை வைக்காமல் ஸ்கேனுக்கு அனுப்பினேன். தண்டுவடம் நசுங்கியிருந்தது. அதற்கு முன்பே யாரோ இரண்டு முறை கழுத்தைத் திருகியிருக்கிறார்கள்! இன்றைக்கு நினைத்தாலும் பதறுகிறது.

அப்புறம், சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்புவார்களே, தயவுசெய்து அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்பின் துளைகள் வழியாக ஏறுகின்றன. அபூர்வமாக அவை கிழிந்தால் பக்கவாதம் வரலாம். திடீரென்று இதுவரை வராத மாதிரி கழுத்துவலி, தலைவலி, அதோடு பார்வை இரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமை என்றால் என்னிடம் வரவேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.