கரு மாற்றத்திற்கு முந்தைய வாரங்கள்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மருத்துவரின் குறிப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான் எனப்படும் குடியிருப்புகளிலிருந்தும் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்காக ஈப்போவுக்கும் பினாங்குக்கும் செல்லும் தம்பதியர், அங்குள்ள நிபுணரை ஒருமுறை பார்த்து மறுமுறை பார்ப்பதற்கு இடைப்பட்ட நாள்களில் எழும் ஐயங்களோடு என் கிளினிக்கிற்கு வருகின்றனர். அவர்களின் கேள்விகளில் பெரும்பாலானவை கரு மாற்றத்திற்கு, அதாவது ஆய்வகத்தில் உருவாக்கிய கருவைக் கருப்பைக்குள் வைப்பதற்கு, பிந்தைய நாள்களைப் பற்றியவை. எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும், மோட்டார் சைக்கிளில் ஏறலாமா, பப்பாளி சாப்பிட்டுவிட்டேன், என்ன ஆகும் என்று கேட்பார்கள். அதற்கு முந்தைய வாரங்களைப் பற்றி, குறிப்பாக எந்த மருந்தை எந்த மணிக்கு எடுக்க வேண்டும் என்பதைப் பற்றி, கேட்பவர்கள் மிகக் குறைவு. சிகிச்சையின் பலனில் தம்பதியரின் கையில் இருக்கும் பங்கு பெரும்பாலும் அந்த முந்தைய வாரங்களில்தான் இருக்கிறது.

இப்போது பல கரு மாற்றங்கள் உறைய வைத்த கருவைக் கொண்டே செய்யப்படுகின்றன. ஆய்வகத்தில் ஐந்து நாள் வளர்ந்து பிளாஸ்டோசிஸ்ட் நிலையை அடைந்த கரு, திரவ நைட்ரஜனில் பூஜ்ஜியத்திற்குக் கீழே 196 பாகை செல்சியஸ் குளிரில் பாதுகாக்கப்படுகிறது. அதை ஏற்றுக்கொள்ளக் கருப்பையின் உட்படலத்தைத் தயார்ப்படுத்துவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்களுக்கு உடலின் இயற்கைச் சுழற்சியையே பின்பற்றலாம். மற்றவர்களுக்கு மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து எஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் மாத்திரைகள் கொடுத்துப் படலத்தை வளர்க்கிறார்கள். பத்து முதல் பதினான்கு நாள்களில் ஸ்கேன் செய்யும்போது படலத்தின் தடிப்பு 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், பெரும்பாலான நிலையங்கள் அடுத்த கட்டத்திற்குச் செல்லும்.

அந்த அடுத்த கட்டம் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மருந்து. இங்கேதான் மணிக்கணக்கு தொடங்குகிறது. எஸ்ட்ரோஜன் வளர்த்த படலத்தைக் கரு ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு மாற்றுவது புரோஜெஸ்டிரோன். அந்த நிலை மாதம் முழுவதும் நீடிப்பதில்லை, சில நாள்கள் மட்டுமே இருக்கும். கருவின் வயது ஐந்து நாள் என்றால், படலமும் ஐந்து முழு நாள்கள் புரோஜெஸ்டிரோனைப் பெற்றிருக்க வேண்டும் என்பதே கணக்கு. ஆகவே புரோஜெஸ்டிரோனின் ஆறாம் நாளில் கருவை வைக்கிறார்கள். பால்மரம் சீவியவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரிந்துவிடும்: விடியுமுன் சீவினால் ஓடும் பால், வெயில் ஏறிய பிறகு அதே மரத்தில் அதே கத்தியால் சீவினாலும் அப்படி ஓடாது. முதல் புரோஜெஸ்டிரோன் மருந்தை ஒரு நாள் முன்னரோ ஒரு நாள் பின்னரோ தொடங்கிவிட்டால், எவ்வளவு நல்ல கருவாக இருந்தாலும் படலமும் கருவும் ஒன்றையொன்று தவறவிட வாய்ப்புண்டு.

எங்கள் ஊர்ப் பெண்களில் பலர் தொழிற்சாலைப் பேருந்தில் போய் இரவு ஷிப்டு முடித்துக் காலையில் திரும்புகிறவர்கள். பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை வைக்கச் சொல்லியிருந்தால், இந்த வாரம் காலை ஷிப்டு, அடுத்த வாரம் இரவு ஷிப்டு என்று மாறும் ஒருவருக்கு அது எளிதான காரியமல்ல. ஷிப்டு அட்டவணையை முன்கூட்டியே சிகிச்சை நிலையத்துத் தாதியிடம் காட்டி, இரண்டு ஷிப்டுகளுக்கும் பொருந்தும் நேரத்தை முதல் நாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை தவறிவிட்டால் திட்டுவார்கள் என்று பயந்து மறைக்காமல், அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். தவறிய மருந்துக்கு என்ன செய்வது என்று அவர்களால் சொல்ல முடியும், தவறியது தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. மாத்திரை கரைந்து வெள்ளையாக வெளியே வருவதைப் பார்த்து மருந்து வீணாகிவிட்டது என்று இன்னொன்றை வைப்பவர்களும் இருக்கிறார்கள். வெளிவருவது மருந்தைச் சுமந்துவந்த கொழுப்புப் பொருள்தான். மருந்து அதற்குள் உடலில் சேர்ந்துவிடுகிறது.

விரதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தைப்பூசத்திற்குப் பால்குடம் எடுப்பதாகவும், ஆடி மாதத்தில் தோட்டத்துக் கோயிலில் தீ மிதிப்பதாகவும் குழந்தை வரம் வேண்டி நேர்ந்துகொள்வது நம்மிடையே இயல்பு. நான் அதைத் தடுப்பதில்லை. ஆனால் விரத நாள்களில் பிறப்புறுப்பில் மாத்திரை வைப்பது சுத்தமல்ல என்று கருதி, யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் நிறுத்திவிட்டால் அந்த மாதத்துச் சிகிச்சையே வீணாகிவிடும். உறைய வைத்த கருவுக்கு அவசரமில்லை. அடுத்த மாதமும் அதே நிலையில் இருக்கும். விரதம் எப்போது என்பதை நிபுணரிடம் சொல்லி, சிகிச்சையை அதற்கு முன்னரோ பின்னரோ அமைத்துக்கொள்ளலாம். நேர்த்திக்கடனைக் கணவர் சுமந்தால் முருகன் கோபித்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி, சில மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை. மலேசிய இந்தியரிடையே இனிப்புநீர் நோய் அதிகம். முப்பது வயதைத் தாண்டாத பெண்களிடமும் நான் அதைக் காண்கிறேன். கருவின் இதயமும் முதுகெலும்பும் முதல் சில வாரங்களிலேயே உருவாகத் தொடங்குவதால், கர்ப்பம் உறுதியான பிறகு சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது காலம் கடந்த செயலாகிவிடுகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு 6.5 விழுக்காட்டிற்குக் கீழே வருவது நல்லது. 10 விழுக்காட்டிற்கு மேல் இருந்தால் கரு மாற்றத்தைத் தள்ளிவைப்பதே தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு. இரத்தக் கொதிப்புக்குப் பெரிண்டோப்ரில் போன்ற மருந்தும், கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் போன்ற மருந்தும் எடுப்பவர்கள், அவை கர்ப்பகாலத்திற்கு ஏற்றவையல்ல என்பதால் மருத்துவரைக் கண்டு முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும் என்றாலும், இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் உடல் எடை மிக அதிகமானவர்களுக்கும் 5 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். தைராய்டு, தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாடு, ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளை அரசாங்கக் கிளினிக்கிலேயே கேட்டுப் பார்க்கலாம். ருபெல்லாத் தடுப்பூசி போட நேர்ந்தால் அதன் பிறகு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். கருக்குழாயில் நீர் கோத்திருந்தாலோ கருப்பைக்குள் சதைக்கட்டி இருந்தாலோ அதை முதலில் சரிசெய்யச் சொல்வார்கள். அது பணம் பிடுங்கும் வேலையல்ல.

உடற்சூடு தணியட்டும் என்று மாமியார் காய்ச்சித் தரும் கசாயத்தையும், யாரோ வாங்கி வந்த லேகியத்தையும் பற்றிச் சிகிச்சை நிலையத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாதவரை, இந்த வாரங்களில் தள்ளிவைப்பதே நல்லது. வயிற்றை நீவிக்கொள்வது அறவே கூடாது. கருமுட்டை எடுத்த பிறகு சினைப்பைகள் வீங்கியிருக்கும் நாள்களில் வயிற்றை அழுத்தினால் அவை முறுக்கிக்கொள்ளக்கூடும்.

கரு மாற்ற நாள் உண்மையில் எளியது. ஓரளவு சிறுநீர் நிரம்பிய நிலையில் வரச் சொல்வார்கள், அப்போதுதான் வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரியும். வாசனைத் திரவியம் பூசாமல் செல்லுங்கள். மெல்லிய குழாய் வழியாகக் கருவை வைக்கச் சில நிமிடங்களே ஆகும். பொதுவாக மயக்க மருந்து தேவைப்படாது. முடிந்தவுடன் கழிவறைக்குச் செல்லலாம், கரு விழுந்துவிடாது. வீடு திரும்பும் சாலையின் குழிகளும் கருவை அசைப்பதில்லை. படுத்தே கிடப்பதால் வெற்றி கூடுவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள், உரமூட்டை தூக்குவது போன்ற கடும் வேலையை மட்டும் விடுங்கள்.

எத்தனை கரு வைப்பது என்ற கேள்வியை அன்றைய தினம் படுக்கையில் முடிவு செய்யக் கூடாது. செலவழித்த பணத்திற்கு இரட்டைப் பிள்ளையாகக் கிடைத்தால் நல்லதுதானே என்று குடும்பத்தார் சொல்வது புரிகிறது. ஆனால் இரட்டைக் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவமும் இரத்தக் கொதிப்பும் கர்ப்பகால நீரிழிவும் கூடுகின்றன. குறைமாதக் குழந்தைக்குத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஆகும் செலவையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நல்ல பிளாஸ்டோசிஸ்ட் ஒன்று இருந்தால், ஒன்றை மட்டும் வைத்து மற்றதை உறைநிலையில் விட்டுவைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

செலவைப் பொறுத்தவரை, ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்குப் பணம் எடுக்க வழியுண்டு. 2023 மதிப்பீட்டு ஆண்டு முதல் மருத்துவச் செலவுக்கான 10,000 ரிங்கிட் வரையிலான வரிவிலக்கில் இச்சிகிச்சையும் அடங்குகிறது. இரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கர்ப்பத்தை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனைக்குக் குறிக்கப்பட்ட நாளுக்கு முன்பே வீட்டில் சிறுநீரைச் சோதித்துப் பார்த்து, கர்ப்பமில்லை எனக் காட்டும் ஒற்றைக் கோடு தெரிந்ததும் மருந்தை நிறுத்துவதுதான் நான் காணும் மிகத் துயரமான செயல். இலேசாக இரத்தம் பட்டாலும் மருந்தை நிறுத்தக் கூடாது. நிலையத்திற்கு அழைத்துக் கேளுங்கள். கடுமையான வயிற்றுவலி, வயிறு வேகமாக உப்புதல், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை தோன்றினால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முடிவு சாதகமாக வந்தால், அரசாங்கக் கிளினிக்கில் பதிவு செய்யும் நாளில் கரு மாற்றத் தேதியையும் கருவின் வயதையும் எழுதிய தாளை எடுத்துச் செல்லுங்கள். ஐந்து நாள் கருவை வைத்த தினத்தைக் கர்ப்பத்தின் இரண்டு வாரம் ஐந்தாம் நாளாகக் கொண்டுதான் பிரசவத் தேதியைக் கணக்கிட வேண்டும். கடைசி மாதவிடாயை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் தேதி மாறிவிடலாம். மருந்துகளால் படலத்தைத் தயார் செய்திருந்தால், அவற்றைப் பொதுவாகப் பத்து முதல் பன்னிரண்டு வாரம் வரை தொடர வேண்டியிருக்கும் என்பதால், மருந்துப் பட்டியலையும் தாதியிடம் காட்டுங்கள்.