தீபாவளிக்கு ஈப்போ கிளம்பும் முன் மெயின் ஜெட்டைப் பாருங்கள்

கோலாலம்பூருக்குள் செந்தூல், ஜாலான் ஈப்போ என்று நாள் முழுக்கச் சுற்றியும் ஒரு குறையும் சொல்லாத கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்), ஈப்போவுக்குப் போகும் பிளஸ் நெடுஞ்சாலையில் பீடோர் தாண்டுவதற்குள் பிஸ்டன் பிடித்து நின்றுவிடும். எங்கள் பட்டறைக்கு இப்படி வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஒரே கதைதான். எக்ஸோஸ் மாற்றியிருப்பார்கள், ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த பாட் ஃபில்டர் போட்டிருப்பார்கள், காபரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சின்ன ஜெட் மட்டும் பழையதே இருக்கும். "மூணு மாசம் நல்லாத்தானே ஓடுச்சு?" என்று கேட்பார்கள். ஓடியது உண்மைதான், ஆனால் அந்த மூன்று மாதமும் மெயின் ஜெட்டுக்கு வேலையே வரவில்லை.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் காபரேட்டரில் ஒவ்வொரு உறுப்புக்கும் அதனதன் எல்லை உண்டு. கைப்பிடியை முறுக்கினால் திறக்கும் திராட்டில் கால்வாசி திறக்கும்வரை பைலட் ஜெட், காற்று ஸ்க்ரூ, காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடின் வெட்டு. கால்வாசியிலிருந்து முக்கால்வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி. அதற்கு மேல்தான் மெயின் ஜெட்டின் ஆட்சி. ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் ஓடும்போது பாதித் திறப்பைத் தாண்டுவதே அபூர்வம். நெடுஞ்சாலையிலோ 100 சிசி வண்டி வேகம் பிடிக்கக் கைப்பிடியை முழுக்க முறுக்கி, மணிக்கணக்கில் அப்படியே பிடித்திருக்க வேண்டும்.

புது எக்ஸோஸாலும் திறந்த ஃபில்டராலும் காற்று கூடி, அதற்கேற்ற பெட்ரோல் வராவிட்டால் எஞ்சினின் சூடு ஏறும். அலுமினிய பிஸ்டன் விரியும், எண்ணெய்ப் படலம் அறுந்து சிலிண்டர் சுவரில் கீறல் விழும். நாக்கிங்கும் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) சேர்ந்தால் பிஸ்டன் தலையிலேயே ஓட்டை. பெட்ரோல் அதிகமானால் வண்டி முனகும், புகைக்கும், பிளக் கருக்கும்; எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்சம் குறைந்தாலோ வண்டி லேசாக, சுறுசுறுப்பாக இழுக்கும். ஓட்டுபவருக்கு அது பிடித்தும் போகும். எங்களுக்குப் பயமே அங்கேதான்.

ஜெட் வாங்கும்போது அதில் பொறித்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கெய்ஹின் நிறுவனத்தின் மெயின் ஜெட்டின் எண் துளையின் விட்டத்தை ஒட்டியது: 105 என்றால் சுமார் 1.05 மில்லிமீட்டர். மிக்குனி நிறுவனத்தின் அறுகோண ஜெட்டின் எண்ணோ நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல் பாய்கிறது என்ற கணக்கு. இரண்டிலும் '100' என்று பொறித்திருந்தாலும் இரண்டும் ஒன்றாகாது. இன்னொன்றும் கவனியுங்கள். 100லிருந்து 105க்குப் போனால் விட்டம் 5 சதவீதம்தான் கூடும், துளையின் பரப்போ 10 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். அதனால்தான் 100, 102, 105, 108, 110 என்று படிப்படியாக ஏறச் சொல்கிறோம்.

மலிவான போலி ஜெட்டை லென்ஸ் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். துளையின் வாயில் பிசிர் இருக்கும், சிலவற்றில் துளை நடுவிலேயே இராது. 105 என்று எழுதிய இரண்டு ஜெட் இரண்டு விதமாகப் பாய்ந்தால் டியூனிங் எங்கே நிற்கும்? ஒரே நிறுவனத்தின் செட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன ஜெட்டை ட்ரில் போட்டுப் பெரிதாக்குவதும், கம்பியால் குத்திச் சுத்தம் செய்வதும் வேண்டாம். கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றழுத்தமும் போதும்.

ஜெட்டைத் தொடும் முன் இரண்டு சோதனை. காபரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரம் அந்தக் காபரேட்டருக்குச் சொன்ன அளவில் இருக்கிறதா பாருங்கள். அது தவறினால் மற்ற எல்லாக் கணக்கும் தவறும். பிறகு, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, காபரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் மேனிஃபோல்டு இணைப்பைச் சுற்றி டபிள்யூடி-40 கொஞ்சம் அடியுங்கள். ஐடில் (கைப்பிடியை முறுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) மாறினால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் வழியாகக் காற்று ஒழுகுகிறது. ஒழுகலை ஜெட்டால் மூட முடியாது. ஸ்ப்ரே தீப்பிடிக்கக்கூடியது, எக்ஸோஸ் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டிய கடைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

மெயின் ஜெட்டிலிருந்து தொடங்குங்கள். ஏற்றமான, ஆளில்லாத பாதையில் மூன்றாம் கியரில் முழுக்க முறுக்கி, பிறகு ஒரு நூல் அளவு மட்டும் கையைத் தளர்த்துங்கள். வண்டி சட்டென்று துள்ளினால் பெட்ரோல் போதவில்லை, ஒரு எண் ஏற்றுங்கள். பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் கலவையைக் கணிக்க முழு வேகத்தில் எஞ்சினை அணைக்க வேண்டும். கப்சாயை ரோட்டில் அப்படிச் செய்வது ஆபத்து. நின்ற இடத்திலேயே வண்டியை ஓட்டி அளக்கும் டைனோவில் ஏற்றி, முழுத் திறப்பில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5க்கும் 13க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்ப்பதே எங்கள் சிபாரிசு.

அடுத்தது ஊசி. ஊசியின் மேல் பகுதியில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு படி கீழே இறக்கினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும்.

கடைசியில் பைலட். பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றி, காற்று ஸ்க்ரூவை மெதுவாக முட்டும்வரை உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து இரு பக்கமும் திருப்பி, ஐடில் உச்சத்துக்கு வரும் இடத்தைத் தேடுங்கள். அந்த இடம் ஒரு சுற்றுக்குள் வந்தால் பைலட் சிறியது, இரண்டரைக்கு மேல் போனால் பெரியது. ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ, கணக்கு தலைகீழ். கைப்பிடியை விட்டதும் எஞ்சின் வேகம் இறங்கத் தயங்கினால், பைலட் பக்கம் இன்னும் பெட்ரோல் போதவில்லை.

கேமரன் மலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி குறைவு. அங்கே சரியாக இழுக்கும்படி ஜெட்டைக் குறைத்துவிட்டு, அதே வண்டியில் கோலாலம்பூருக்கு இறங்கினால் கீழே பெட்ரோல் போதாது. ஆக்டேன் கூடிய ரோன்97 பெட்ரோல் ஊற்றினால் சரியாகிவிடும் என்பதும் தவறு. அது நாக்கிங்கைத் தாமதப்படுத்தும், குறைந்த பெட்ரோலைக் கூட்டாது.

கிளம்பும்போது இப்போது போட்டிருப்பதைவிட ஒரு எண் பெரிய மெயின் ஜெட்டையும் அதற்கேற்ற ஸ்க்ரூடிரைவரையும் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில், முறுக்கிய கை அப்படியே இருக்க வேகம் மட்டும் தானாக இறங்கினால், கையைத் தளர்த்தி அடுத்த ஓய்விடத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மிதவைக் கிண்ணத்தைத் திறந்து ஜெட்டை மாற்றுங்கள். பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்க வேண்டாம்.