கேமிங் கம்ப்யூட்டரில் கடைமடை எது?

2014 ஜனவரியில் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட ஒரு பிராசசர் வரிசைக்கு அவர்கள் வைத்திருந்த குறிப்பெயர் ‘காவேரி’. நம்ம ஆறேதான். மறு வருஷம் அதையே கொஞ்சம் மெருகேற்றியபோது ‘கோதாவரி’ என்றார்கள். அந்த வரிசையின் ஏ10-7850கே சில்லுக்குள் நான்கு பிராசசர் கோர்களும் எட்டு கிராபிக்ஸ் கோர்களும் ஒன்றாகக் குடியிருந்தன. கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது. மதர்போர்டில் செருகும் ரேமையே இரண்டும் பங்குபோட்டுக்கொண்டன. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கையில் காசில்லாதவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. இன்றைக்கு கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ குறைந்த செலவில் அசெம்பிள் செய்யும்போது போடுகிற ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசசரும் அந்த வழியில் வந்ததுதான். அதன் பலவீனமும் அதேதான்: கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் இல்லை.

இந்த மாதிரி மெஷின் வைத்திருக்கும் பையன்கள் கேட்கிற முதல் கேள்வி, “அண்ணே, ஐ7 மாத்திட்டா லேக் போயிடுமாண்ணே?” லேக் என்றால் படம் திக்கித் திக்கி ஓடுவது. ரைசன் போர்டில் இன்டெலின் ஐ7 பிராசசர் உட்காராது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எந்த உறுப்பு மற்றவற்றைக் காக்க வைக்கிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் பணம் தண்டம்.

திரையில் ஓடும் விளையாட்டு உண்மையில் அடுத்தடுத்து வரையப்படும் படங்கள். ஒவ்வொன்றும் ஒரு பிரேம். விநாடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒன்றை வரைய 16.7 மில்லி விநாடிதான் அவகாசம். அதற்குள் பிராசசர் எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா எங்கே போகிறது என்று கணக்குப் போட்டு, எதையெல்லாம் வரைய வேண்டும் என்ற பட்டியலை கிராபிக்ஸிடம் தர வேண்டும். கிராபிக்ஸ் அதற்குத் தேவையான படத் துணுக்குகளை நினைவகத்திலிருந்து எடுத்து, புள்ளி புள்ளியாக நிறம் தீட்ட வேண்டும். மேட்டூரில் எவ்வளவு திறந்துவிட்டாலும், நடுவில் உள்ள குறுகலான மதகு விடுகிற தண்ணீர்தானே கடைமடைக்குப் போய்ச் சேரும்? இங்கேயும் அப்படித்தான். மற்ற மதகுகளை அகலப்படுத்திப் பயனில்லை.

குறுகலான மதகைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. விளையாட்டின் அமைப்புகளில் வி-சிங்கை (திரையின் வேகத்துக்கு மேல் பிரேம் ஏறாமல் பிடித்து வைக்கும் வசதி) நிறுத்திவிட்டு, ரெசல்யூஷனை 1920×1080-லிருந்து 1280×720-க்குக் குறையுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாக இறங்கிவிடும். எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை பிரேம் என்ற கணக்கு, நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் பக்கம். அசையவே இல்லையென்றால் பிராசசர்தான் திணறுகிறது.

கிராபிக்ஸ் பக்கம் என்று தெரிந்ததும் கார்டு வாங்க ஓடாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே இரண்டில் ஒன்று என்றிருந்தால் விஷயம் பாதி புரிந்துவிட்டது. விலை குறைத்துக் கொடுக்க 8 ஜிபி ரேம் ஒன்றே ஒன்றைச் செருகித் தருவது பல கடைகளில் வழக்கம். டிடிஆர்4 ரேமின் ஒரு சேனல் (ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள பாதை) ஒரு தடவைக்கு 64 பிட், அதாவது 8 பைட் கடத்தும். 3200 வேகத்தில் விநாடிக்கு 320 கோடி தடவை. பெருக்கினால் 25.6 ஜிபி. இன்னொரு ரேமை அடுத்த சேனலில் போட்டால் 51.2 ஜிபி. ஒப்பிட்டுப் பார்க்க, ஜிடிஎக்ஸ் 1650 என்ற எளிய கார்டின் ஆரம்பகால ஜிடிடிஆர்5 மாடலே தன் சொந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 128 ஜிபி எடுத்துக்கொள்ளும். சொந்த நினைவகம் இல்லாத 5600ஜி-யின் கிராபிக்ஸ் ஒற்றை ரேமில் எப்படித் தவித்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிராசசரும் அந்த 25.6-லேயே பங்கு கேட்கும்.

தவிப்பு அதோடு முடியாது. 8 ஜிபியில் 2 ஜிபியை கிராபிக்ஸுக்கு ஒதுக்கினால், விண்டோஸுக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து மிஞ்சுவது 6 ஜிபி. போதாதபோது விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். திரும்பிப் பார்க்கும்போது படம் வெட்டி வெட்டி நிற்கிறதே, பல நேரம் அதுதான் காரணம். இரண்டு 8 ஜிபி போட்டால் இரண்டு நோயும் ஒரே செலவில் தீரும். ஒற்றை 16 ஜிபி போட்டால் இடப் பற்றாக்குறை ஒன்றுதான் தீரும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டென்றால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும்தான் ஜோடி. அப்புறம் பயாஸில் (விண்டோஸ் திறப்பதற்கு முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன்மேல் எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்ய மறக்கக் கூடாது. அதைச் செய்யாவிட்டால் 3200 என்று எழுதிய ரேம் 2400-லோ 2666-லோ சோம்பலாக ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது சூடு. நம்ம ஊருக்கு இது தனிக்கணக்கு. பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் துண்டான ஹீட்சிங்க், அறையின் காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்காது. காற்றின் வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதைத்தான் அது தீர்மானிக்கும். 24 டிகிரி அறையில் 76-ல் நிற்கும் பிராசசர், கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் அதே வேலைக்குக் கிட்டத்தட்ட 90-க்குப் போகும். 5600ஜி-க்கு எல்லை 95. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தை, மாசியில் சம்பா அறுவடை மெஷின் இறங்கினால் பறக்கும் சுணை ஜன்னல் வழியாக வந்து ஹீட்சிங்க் இடுக்கில் அடையும். அதன்மேல் சாதாரணத் தூசி படிந்து கம்பளிபோல ஆகிவிடும். கேபினட்டை வாசலுக்குக் கொண்டுபோய் ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும். பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். பேஸ்ட்டின் வேலை உலோகப் பரப்புகளுக்கு நடுவே சிக்கிய காற்றை வெளியேற்றுவது மட்டும்தான், அள்ளி அப்பினால் கூடுதல் குளிர்ச்சி வராது.

காசு செலவில்லாத இன்னொரு வழி, வோல்டேஜைக் குறைப்பது. சில்லு தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். பத்து சதவீதம் குறைத்தால் வேகம் மாறாமலே செலவு சுமார் 19 சதவீதம் இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மெஷின் தொங்கினால் ஒரு படி மேலே வந்துவிடலாம்.

இதையெல்லாம் செய்த பிறகும் போதவில்லையா, சரி, கார்டு வாங்கலாம். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகத் தெரியும். அது போர்டோடு பேசுவது நான்கே பிசிஐஇ தடங்களில் (கார்டையும் பிராசசரையும் இணைக்கும் பாதைகள்), அதுவும் நான்காம் தலைமுறை வேகத்தை நம்பி. 5600ஜி மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிட்டது. ஆகவே அந்தப் பாதை பாதியாகச் சுருங்கும். கார்டில் 4 ஜிபி நினைவகம் நிரம்பி வழியும்போதெல்லாம் அந்தச் சுருங்கிய பாதையில்தான் எல்லாம் போய்வர வேண்டும். இந்த ஜோடியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் விளையாட்டு சீக்கிரம் திறக்கும், எஃப்பிஎஸ் பெரிதாக ஏறாது.

கடைசியாக எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி. கேபினட்டோடு இலவசமாக வரும் பெட்டியில் 450 வாட் என்று ஒட்டியிருப்பதை நம்ப வேண்டாம். லேபிளில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் கார்டுக்கும் பிராசசருக்கும் சேர்த்துக் கிடைப்பது 216 வாட்தான். 170 வாட் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டை அதில் மாட்டுவது விபரீதம். பம்ப்செட்கள் ஓடும் நேரத்தில் கிராமத்தில் வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கினால், 300 வாட்டுக்கு 1.3 ஆம்பியருக்குப் பதில் ஏறக்குறைய 1.7 ஆம்பியர் இழுக்க வேண்டிவரும். மலிவான பெட்டி அதில்தான் சூடேறிச் சாகும். கரண்ட் போனால் நல்ல எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி விநாடி. வீட்டு இன்வெர்ட்டரில்தான் ஓட்டுகிறீர்கள் என்றால், பின்பக்கம் உள்ள சுவிட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் அது மாறுவதற்குள் மெஷின் அணைந்துவிடும்.